வீட்டுக்குள் என்ன அணிகிறார்கள்? முதியவர்களை விழவைக்கும் காலணித் தவறுகள்

65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். விழுந்தபின் பார்வை, ரத்த அழுத்தம், தூக்க மாத்திரை என்று காரணங்களைத் தேடுகிறோம். அப்போது காலில் என்ன போட்டிருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. மற்றவற்றைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகலாம். செருப்பை இன்றைக்கே மாற்றிவிடலாம்.

நான் பெரிய தவறாக நினைப்பது, நல்ல ஷூவை வெளியே போவதற்கென்று எடுத்துவைத்துவிட்டு, வீட்டுக்குள் கிடைத்ததை மாட்டிக்கொள்வது. முதியவர்கள் அதிக நேரம் இருப்பது வீட்டில்தானே? பாஸ்டனில் 70 வயதைக் கடந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2010இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. வீட்டில் விழுந்தவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் அந்த நேரத்தில் வெறுங்காலோடு இருந்தார்கள், அல்லது சாக்ஸ் மட்டுமோ ஸ்லிப்பரோ போட்டிருந்தார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பின்பக்கம் திறந்த ஸ்லிப்பர் கழன்றுவிடாமல் இருக்க விரல்களை இறுக்கிக்கொண்டு, காலைத் தூக்காமல் இழுத்து நடக்க வேண்டியிருக்கிறது. சாதாரண நடையிலேயே கால்விரல் நுனி தரையிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் உயர்கிறது. அதுவும் குறைந்தால், தரைவிரிப்பின் மடிந்த ஓரமே தடுக்கிவிடப் போதும். வழவழப்பான தரையில் வெறும் சாக்ஸோடு நடப்பது இன்னும் மோசம்.

வெறுங்கால்தான் தரையை நன்றாக உணரும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் ஈரத்தில் வழுக்கினாலும், எதிலாவது இடித்துக்கொண்டாலும் அதற்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கோ அந்த உணர்வும் கிடைக்காது. காயம் பட்டதே தெரியாமல் போகும்.

அடுத்தது, அன்பினால் செய்யும் தவறு. அப்பாவுக்குக் கால் வலிக்கிறதே என்று தேடிப்பிடித்து மெத்துமெத்தென்ற ஷூவாக வாங்கித் தருகிறோம். காலுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் பாதத்தின் அடியிலும் கணுக்காலிலும் இருக்கும் நரம்புகள், உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நொடிக்கு நொடி மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நடுவில் தடித்த, மென்மையான அடிப்பாகம் வந்துவிட்டால் அந்தச் செய்தி மங்கிவிடுகிறது. மெத்தைமேல் நிற்கும்போது கணுக்கால் எப்படி ஆடுகிறது என்று நினைத்துப் பாருங்கள். இளம் வயதில் உடல் சட்டென்று சமாளித்துக்கொள்ளும். வயதானால் அந்த வேகம் குறைந்துவிடுகிறது.

அதனால் அடிப்பாகம் மெல்லியதாக, உறுதியாக இருக்கட்டும். கடையிலேயே சோதித்துவிடலாம். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் ஷூ வளைய வேண்டும். ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கினால் எளிதில் முறுகக்கூடாது. குதிகாலைச் சுற்றிய பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக்கூடாது. குதிகால் வலி உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்வது நல்லது.

அப்புறம் அளவு. இருபது வருடத்துக்கு முன் பார்த்த எண்ணையே சொல்லி வாங்குகிறோம். வயதாக ஆகப் பாதத்தின் தசைநார்கள் தளர்ந்து பாதம் அகலமாகும், சிலருக்கு நீளவும் செய்யும். மாலையில் வீக்கம் வேறு. எனவே மாலை நேரத்தில், நிற்கவைத்து, இரண்டு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்துக்கு ஏற்ப வாங்குங்கள். கடிக்கிறது என்பதற்காக ஒரு எண் பெரிதாக எடுத்தால் முனை தடுக்கும். நீளத்தைக் கூட்டாமல் அகலமான ஷூவாகத் தேடுவதே சரி.

ஷூவின் குதிகால் பகுதி 2.5 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்கட்டும், அகலமாகவும் இருக்கட்டும். அடிப்பாகத்தை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து மழுங்கியிருந்தால், மேல்பக்கம் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அந்த ஜோடி வேண்டாம். பார்க்கின்சன் போன்ற நோயால் காலைத் தேய்த்து நடப்பவர்களுக்கு மட்டும், தரையை அளவுக்கு மீறிப் பிடிக்கும் ரப்பர் ஆபத்தாகலாம். கால் சிக்கி நின்றுவிட, உடல் முன்னால் போய்விடும்.

லேஸைக் கட்டாமல், பின்பக்கத்தை மிதித்தபடி நடப்பதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் குனிய முடியாததுதான் காரணம். வெல்க்ரோ பட்டையும், குதிகாலை ஷூவுக்குள் நழுவவிட உதவும், நீண்ட கைப்பிடி உள்ள ஷூ கரண்டியும், உட்கார்ந்து போட ஒரு நாற்காலியும் இருந்தால் போதும்.

ஷூவோடு பயிற்சியும் சேர்ந்தால் பலன் கூடும். கால்வலி உள்ள முதியவர்களுக்கு, கணுக்கால், பாதப் பயிற்சிகளோடு, ஷூவுக்குள் வைக்கும் தாங்கிகளும் நல்ல காலணிக்கான உதவியும் தந்து பார்த்தார்கள் ஆஸ்திரேலியாவில். 2011இல் வெளியான அந்த ஆய்வில், விழுவது 36 சதவீதம் குறைந்தது.

இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தூக்கக் கலக்கத்தில் கழிவறைக்கு எழுபவர் தேடாமல் கால் நுழைக்கும்படி, பின்பக்கம் மூடிய ஒரு ஜோடியைக் கட்டில் ஓரமாக, வழியில் இடறாதபடி வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன விளக்கும் எரியட்டும்.