கையில் பெட்டியோடு ஊர் சுற்றாமல் செகண்ட் லைஃபுக்குள் போவது எப்படி?

செகண்ட் லைஃப் என்பது நமக்கென்று ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு நடமாடும் இணைய உலகம். அதற்குள் போன முதல் நாள், என் உருவத்தின் வலது கையில் ஒரு பெரிய பெட்டி ஒட்டிக்கொண்டிருக்க, ஒரு மணி நேரம் சுற்றியிருக்கிறேன். எதிரில் வந்தவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. புதிதாக வருகிறவர்கள் அந்தக் கூத்தை அடிக்க வேண்டாம் என்றுதான் இது.

லிண்டன் லேப் என்ற நிறுவனம் 2003-இல் திறந்துவிட்ட இந்த உலகத்தில் கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம். சொந்தப் பெயரையும் ஊர்ப் பெயரையும் தவிர்த்து ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அந்த உலகத்தைக் காட்டும் மென்பொருளான வியூவரை இறக்கி, உள்ளே போங்கள்.

போனதும் முதல் வேலை, கன்ட்ரோல்-பி அழுத்தி கிராபிக்ஸ் பகுதியில் 'டிரா டிஸ்டன்ஸ்' அளவை, அதாவது எவ்வளவு தூரம் வரை திரையில் வரைய வேண்டும் என்பதை, குறைப்பது. அங்கே ரீஜன் என்கிற ஒரு நிலப்பகுதி 256-க்கு 256 மீட்டர். நம்ம கணக்கில் 16 ஏக்கர் தென்னந்தோப்பு! அத்தனையையும் ஒரே நேரத்தில் வரையச் சொன்னால் சாதாரண லேப்டாப்புக்கு மூச்சு முட்டும். 64 மீட்டர் தாராளம். பக்கத்தில் நிற்கிறவர் புகைமூட்டமாகத் தெரிந்தால் பயம் வேண்டாம், அவர் உருவம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, பெட்டி விஷயம். கடையில் சட்டை வாங்கினால் பெரும்பாலும் அது ஒரு பெட்டிக்குள் அடைத்து உங்கள் பொருள்கள் இருக்கும் இன்வென்டரிக்கு வரும். பெட்டியையே சட்டை என்று நினைத்து 'வேர்' (Wear, அணி) கொடுத்தால் அது கையில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, யார் வேண்டுமானாலும் பொருள் வைக்கலாம் என்று விட்டிருக்கும் சாண்ட்பாக்ஸ் ஒன்றுக்குப் போங்கள். கன்ட்ரோல்-ஐ அழுத்தினால் இன்வென்டரி திறக்கும். பெட்டியை இழுத்துத் தரையில் போட்டு, ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன்' கொடுத்து உள்ளிருப்பதை இன்வென்டரிக்கு மாற்றுங்கள். சட்டை வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துவிடுங்கள். சாண்ட்பாக்ஸ் நம்ம ஊரில் மஞ்சள் காயப்போடும் பொதுக் களம் மாதிரி. வேலை முடிந்தால் அள்ளிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அங்கே புழங்கும் லிண்டன் டாலர் விளையாட்டுக் காசு இல்லை, அதை நிஜ டாலராக மாற்ற முடியும். அதனால் பாஸ்வேர்டு கேட்கும் எந்த லிங்கையும் தொடாதீர்கள்.

கச்சேரி, நடனம் என்று அறிவிப்பு வந்தால், நேரம் அமெரிக்க மேற்குக் கரைக் கணக்கில் இருக்கும். காலை 7 மணி என்றால் அங்கே கோடையில் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. ஒருமுறை இதில் ஏமாந்து காலி மேடையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கடைசியாக, பேசி முடித்ததும் மைக்கை அணைத்துவிடுங்கள். நான் பல்லடம் பக்கம். ஒரு ராத்திரி, பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறி ஓடுவதை மறந்து மைக்கைத் திறந்து வைத்துவிட்டேன். கூட்டத்தில் ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்கள் வீட்டு வழியாகத்தான் ரயில் போகிறதா?"