உங்கள் ஊர் பேஸ்பால் அணியை வீட்டிலிருந்தே பார்ப்பது எப்படி? பிளாக்அவுட்டில் சிக்காமல் சந்தா எடுக்க ஒரு வழிகாட்டி

மேஜர் லீக் பேஸ்பாலின் (எம்எல்பி) ஆட்டங்களை இணையத்தில் காட்டும் எம்எல்பி டிவிக்குப் பணம் கட்டி, ஆப்பைத் திறந்து, ஊர் அணியின் ஆட்டத்தைத் தொட்டால், உங்கள் பகுதியில் இது கிடைக்காது என்று ஒரு வரி வந்து நிற்கும். அமெரிக்காவில் புதிதாக பேஸ்பால் பார்க்கத் தொடங்குகிற ஏராளமானவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். கோபம் வருவது நியாயம். ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற அணியின் ஆட்டமெல்லாம் வருகிறது, பக்கத்து ஊர் மைதானத்தில் நடப்பது மட்டும் வரவில்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆனால் வாங்கும் வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பலரும் முதலில் சந்தா எடுத்துவிட்டு, அப்புறம்தான் உள்ளூர் ஆட்டங்களை மறைக்கும் இந்த பிளாக்அவுட் பற்றித் தெரிந்துகொள்கிறார்கள். முதலில் ஜிப் கோடு (உங்கள் பகுதியின் அஞ்சல் எண்), அடுத்து அணி, அடுத்து சேனல், கடைசியில்தான் பணம். இந்தப் பதிவு அந்த வரிசையில்தான் போகிறது.

தொடங்கும் முன்: ஏன் மறைக்கிறார்கள்?

ஐபிஎல்லில் எல்லா ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையையும் கிரிக்கெட் வாரியமே மொத்தமாக விற்கிறது. மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படி இல்லை. 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். அதில் தேசிய சேனல்களுக்குப் போவது கொஞ்சம்தான். மீதியை ஒவ்வொரு அணியும் தன் வட்டாரத்து விளையாட்டுச் சேனலுக்குத் தனியாக விற்கும். அந்தச் சேனல் பெரிய தொகை கொடுப்பதற்குக் காரணம், அந்த வட்டாரத்தில் வேறு யாரும் அந்த ஆட்டத்தைக் காட்டமாட்டார்கள் என்ற உறுதி. கேபிள் வைத்திருந்த ஒவ்வொரு வீடும், பேஸ்பால் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், மாதக் கட்டணத்தில் அந்தச் சேனலுக்கு ஒரு பங்கு கட்டிக்கொண்டிருந்தது. அந்த வருமானத்தைக் காப்பாற்றத்தான் இந்த பிளாக்அவுட்.

ஆகவே எம்எல்பி டிவி என்பது அடிப்படையில் வெளியூர் அணிகளைப் பார்ப்பதற்கான சேவை. நியூயார்க்கில் இருந்துகொண்டு சியாட்டில் அணியைப் பின்தொடர்கிறவருக்கு அது அருமையானது. சொந்த ஊர் அணியை நேசிக்கிறவருக்கு அது மட்டும் போதாது.

படி 1: உங்கள் ஜிப் கோடு எந்த அணிகளின் எல்லைக்குள் இருக்கிறது என்று பாருங்கள்

எம்எல்பியின் இணையதளத்தில் ஜிப் கோடு கொடுத்தால், அங்கே எந்தெந்த அணிகளின் ஆட்டங்கள் மறைக்கப்படும் என்று காட்டும் பக்கம் இருக்கிறது. பணம் கட்டும் எண்ணம் வருவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். வீட்டின் ஜிப் கோடு மட்டும் போதாது. நீங்கள் ஆட்டம் பார்க்கும் இடத்தை வைத்தும் பிளாக்அவுட் வரும். அதனால் வேலைக்காக அடிக்கடி போகும் ஊர், பிள்ளைகள் படிக்கும் ஊர் ஆகியவற்றையும் போட்டுப் பாருங்கள்.

வரும் பட்டியல் உங்களைத் திகைக்க வைக்கலாம். அயோவா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மேஜர் லீக் அணி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் சிகாகோ கப்ஸ், சிகாகோ ஒயிட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், கான்சாஸ் சிட்டி ராயல்ஸ், மினசோட்டா ட்வின்ஸ், மில்வாக்கி புரூவர்ஸ் என்று ஆறு அணிகள் அந்த மாநிலத்தைத் தங்கள் எல்லை என்று வைத்திருக்கின்றன. இந்த ஆறில் எது ஆடினாலும், எம்எல்பி டிவி சந்தாதாரருக்கு அயோவாவில் அது தெரியாது. லாஸ் வேகாஸிலும் நீண்ட காலமாக இதே ஆறு கணக்குதான், அணிகள் மட்டும் வேறு.

2021 ஆகஸ்டில் அயோவாவின் டயர்ஸ்வில் என்ற சிற்றூரில், சோளக்காட்டின் நடுவே தற்காலிக மைதானம் அமைத்து ஒயிட் சாக்ஸும் நியூயார்க் யாங்கீஸும் ஆடினார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் கப்ஸ் ஆடியது. அந்த மண்ணுக்கே வந்து ஆடிய இந்த இரண்டு சிகாகோ அணிகளையும், மற்ற நாட்களில் அதே மண்ணின் மக்கள் எம்எல்பி டிவியில் நேரலையாகப் பார்க்க முடியவில்லை. பேஸ்பாலின் உரிமை வரைபடம் ரசிகரை மனதில் வைத்து வரையப்பட்டதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

படி 2: ஒரே ஒரு அணியைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் எல்லா ஆட்டமும் வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம் இருக்கும். ஓர் அணியை முழுதாகப் பின்தொடரவே நேரம் சரியாக இருக்கும். ஒரு சீசன் முழுக்க ஒரே அணியைப் பார்த்தால்தான் பந்து வீசும் பிட்சர்களின் முறை, பேட்டிங் வரிசை, அணியை நடத்தும் மேனேஜரின் போக்கு எல்லாம் பிடிபடும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த அணி முதல் படியில் வந்த பட்டியலில் இல்லையா? அப்படியானால் நேராக எம்எல்பி டிவி எடுத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. ஒரே அணிக்கான மலிவான சந்தாவும் பல சீசன்களாக விற்கப்பட்டு வந்தது. அது தானாக வந்த சலுகை இல்லை. ரசிகர்கள் சிலர் தொடுத்த வழக்கு 2016 தொடக்கத்தில் சமரசமானபோது கிடைத்த பலன் அது.

பட்டியலில் இருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: அந்த அணியை உள்ளூரில் காட்டுவது யார்?

நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். இப்போது இரண்டு வகை இருக்கிறது.

முதல் வகை, பழைய மாதிரியான வட்டாரச் சேனல். யாங்கீஸுக்கு யெஸ் நெட்வொர்க், பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு நெஸன், கப்ஸுக்கு மார்க்கீ, டாட்ஜர்ஸுக்கு ஸ்போர்ட்ஸ்நெட் எல்ஏ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு. இரண்டாவது வகை, எம்எல்பியே தயாரித்துக் காட்டும் ஒளிபரப்பு. இது வந்த கதை முக்கியம். ஃபாக்ஸிடமிருந்து டிஸ்னி கைக்குப் போன 21 வட்டாரச் சேனல்களை 2019ல் சின்க்ளேர் என்ற தொலைக்காட்சி நிறுவனம் வாங்கியது. மக்கள் கேபிளை விட்டு விலக விலக வருமானம் சுருங்கியது. அந்தச் சேனல்களை நடத்திய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அந்த மே மாதக் கடைசியில் சான் டியேகோ பாட்ரெஸின் ஒளிபரப்பை எம்எல்பி தன் கையில் எடுத்தது. ஜூலையில் அரிசோனா டைமண்ட்பேக்ஸ், பிறகு கொலராடோ ராக்கீஸ், 2025ல் ட்வின்ஸும் கிளீவ்லாந்து கார்டியன்ஸும் சேர்ந்தன.

திவால் என்றால் ரசிகருக்கு நஷ்டம் என்று தோன்றும். உண்மையில் உள்ளூர் ரசிகருக்கு அதில் ஒரு வழி திறந்தது. எம்எல்பி கையில் எடுத்த அணிகளுக்கு உள்ளூரிலேயே, கேபிள் இல்லாமல், பிளாக்அவுட் இல்லாத தனிச் சந்தா கிடைக்கிறது. 2025 சீசனில் ட்வின்ஸுக்கு அது மாதம் 19.99 டாலர்.

இந்த ஏற்பாடுகள் வருடா வருடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் போன வருடத்துத் தகவலை நம்பாதீர்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் உங்கள் அணியின் சொந்த இணையதளத்துக்குப் போய், ஆட்ட அட்டவணைக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் சேனல் பெயரைப் பாருங்கள்.

படி 4: சேனல் கிடைத்துவிட்டது, எப்படி வாங்குவது?

அணியின் சேனல் தனி ஆப்பாக விற்கிறதா என்று முதலில் பாருங்கள். நெஸன் 2022ல் இதைத் தொடங்கியது. யெஸ்ஸும் மார்க்கீயும் அடுத்த ஆண்டு வந்தன. மாதச் சந்தா எடுங்கள், வருடச் சந்தாவுக்குப் போகாதீர்கள். முதல் மாதத்தில் படம் நிற்கிறதா, உங்கள் டிவியில் ஆப் ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிந்துவிடும்.

தனி ஆப் இல்லாவிட்டால் கேபிள், சாட்டிலைட் அல்லது இணையம் வழி வரும் கேபிள் தொகுப்பு. இங்கே மிகுந்த கவனம் வேண்டும். சேனல் இருப்பது வேறு, உங்கள் நிறுவனம் அதைத் தருவது வேறு. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததைச் சொன்னால் புரியும். டாட்ஜர்ஸ் 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் டைம் வார்னர் கேபிளுடன் சேர்ந்தது. 2014ல் ஸ்போர்ட்ஸ்நெட் எல்ஏ தொடங்கியது. கேட்ட கட்டணம் அதிகம் என்று மற்ற நிறுவனங்கள் அந்தச் சேனலை எடுக்கவில்லை. நகரத்தின் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் டாட்ஜர்ஸ் தெரியாமல் போனது. சாட்டிலைட் நிறுவனமான டைரக்டிவியில் அது வந்தது 2020 ஏப்ரலில்தான்.

அந்த இடைவெளியில் போனது ஆட்டங்கள் மட்டுமல்ல. 1950 முதல் டாட்ஜர்ஸின் குரலாக இருந்த வர்ணனையாளர் வின் ஸ்கல்லி 2016ல் ஓய்வு பெற்றார். அவருடைய கடைசி மூன்று சீசன்களை அவருடைய நகரமே சரியாகப் பார்க்கவில்லை. கடைசி ஆறு ஆட்டங்களை மட்டும் கேடிஎல்ஏ என்ற இலவச நிலையம் சேர்த்துக் காட்டியது. 67 சீசன் பேசிய ஒருவரை வழியனுப்ப ஆறு ஆட்டம். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே எந்தத் தொகுப்பையும் வாங்கும் முன், அவர்களுடைய சேனல் பட்டியலில் உங்கள் ஜிப் கோடு போட்டு, அணியின் சேனல் பெயரை எழுத்துக்கு எழுத்து தேடுங்கள். தொலைபேசியில் விற்பனையாளர் எல்லா விளையாட்டும் வரும் என்று சொல்வதை நம்பி எடுக்க வேண்டாம்.

படி 5: தேசிய ஆட்டங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்

உள்ளூர்ச் சந்தா எடுத்த பிறகும் சில நாட்களில் ஆட்டம் காணாமல் போகும். அன்று அது தேசிய அளவில் வேறு ஒருவருக்கு மட்டும் விற்கப்பட்டிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் சில ஆட்டங்கள் 2022 முதல் ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் சேவையில் மட்டும். 2025 நவம்பரில் அறிவித்த ஒப்பந்தங்களின்படி, 2026 முதல் 2028 வரை ஞாயிறு இரவு ஆட்டம் என்பிசிக்கும் அதன் ஸ்ட்ரீமிங் சேவையான பீகாக்குக்கும் போகிறது, சீசனின் தொடக்க இரவு ஆட்டம் நெட்ஃப்ளிக்ஸுக்கு. எம்எல்பி டிவியை விற்பது இஎஸ்பிஎன்.

இதற்காக நான்கு சந்தா எடுக்கத் தேவையில்லை. அட்டவணையில் உங்கள் அணியின் தேசிய ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். கைவிரலில் அடங்குமானால் விட்டுவிடுங்கள்.

படி 6: ஆன்டெனா வாங்குங்கள்

இதை யாரும் புதியவர்களிடம் சொல்வதில்லை. ஒருமுறை வாங்கி ஜன்னலில் ஒட்டினால் மாதக் கட்டணம் கிடையாது. ஃபாக்ஸ், என்பிசி இரண்டும் வானலையில் இலவசம்; சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் ஃபாக்ஸில்தான் வருகிறது. நியூயார்க்கில் மெட்ஸின் சில ஆட்டங்கள் பிக்ஸ் 11 நிலையத்தில் வந்துகொண்டிருக்கின்றன. சிகாகோவில் ஒயிட் சாக்ஸின் புதிய சேனல் 2024 அக்டோபரில் தொடங்கியபோது கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் அதை எடுக்கவில்லை. பல மாதம் பேச்சு இழுத்தது. அந்த நாட்களிலும் ஆன்டெனா வைத்திருந்த சிகாகோ வீடுகளுக்கு அது இலவசமாக வந்தது.

படி 7: வானொலியை மறக்காதீர்கள்

எம்எல்பியின் ஒலிச் சந்தாவுக்கு உள்ளூர் பிளாக்அவுட் கிடையாது. படச் சந்தாவோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. ஊரில் இருந்தால் வானொலிப் பெட்டியிலேயே இலவசமாகக் கேட்கலாம். பந்துக்குப் பந்து இடைவெளி இருக்கிற ஆட்டம் என்பதால் பேஸ்பால் காதுக்கு நன்றாகப் பொருந்தும். சமைத்துக்கொண்டோ கார் ஓட்டிக்கொண்டோ ஒரு மாதம் கேட்டால், விதிகளும் பெயர்களும் தானாக மனதில் ஏறிவிடும்.

இன்னொன்று: எம்எல்பி டிவியில் மறைக்கப்படும் உள்ளூர் ஆட்டம், முடிந்து சுமார் 90 நிமிடத்துக்குப் பிறகு முழுதாகப் பார்க்கக் கிடைக்கும். முடிவு தெரியாமல் காத்திருக்கும் பொறுமை இருந்தால் மறுநாள் காலையில் பார்க்கலாம். டி-மொபைல் என்ற செல்போன் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு எம்எல்பி டிவி பல ஆண்டுகளாகச் சீசன் தொடக்கத்தில் இலவசமாகக் கிடைத்து வருகிறது. அவர்களுக்கு இந்த வழி செலவில்லாதது.

விபிஎன் போட்டால் ஆகாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. இருக்கும் இடத்தை மறைத்துப் பார்ப்பது எம்எல்பி டிவியின் விதிமுறைகளுக்கு எதிரானது. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கலாம். போன் ஆப் ஜிபிஎஸ்ஸையும் பார்க்கும். மேலே சொன்ன நேரான வழிகள் இருக்கும்போது, முதல் நாளிலேயே இதில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கனடாவில் இருந்தால்

டொராண்டோ, ஸ்கார்பரோ தமிழர்களுக்குக் கணக்கு எளிது. கனடா முழுவதுமே புளூ ஜேஸின் எல்லை. வான்கூவரில் இருந்தாலும் எம்எல்பி டிவியில் புளூ ஜேஸ் நேரலை கிடையாது. அணியும் ஸ்போர்ட்ஸ்நெட் சேனலும் ரோஜர்ஸ் நிறுவனத்துடையவை. எனவே ஸ்போர்ட்ஸ்நெட்டின் ஸ்ட்ரீமிங் சந்தா ஒன்றை எடுத்தால் புளூ ஜேஸின் பெரும்பாலான ஆட்டங்கள் வந்துவிடும்.

கடைசி வேலை

எம்எல்பி டிவி சந்தா அடுத்த சீசன் தொடங்கும் முன் தானாகப் புதுப்பித்துப் பணத்தை எடுத்துக்கொள்ளும். வேர்ல்ட் சீரிஸ் முடிந்த வாரத்திலேயே கணக்குக்குள் போய், தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள். வட்டாரச் சேனல் ஆப்பின் மாதச் சந்தாவை அக்டோபருக்கு முன்னமேயே, உங்கள் அணியின் கடைசி லீக் ஆட்டம் முடிந்த அன்றே நிறுத்தலாம். பிளேஆஃப் ஆட்டங்கள் வட்டாரச் சேனலில் வராது.