வோல்ட்டைத் தனியாக, ஆம்பியரைத் தனியாக அளந்தால் எந்த மோட்டாரும் தானாக ஓடும்

உள்ளே போவதைவிட அதிக ஆற்றல் தருவதாகச் சொல்லப்படும் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 12 வோல்ட் பேட்டரி ஒன்று, டிரான்சிஸ்டர் ஒன்று, காந்தம் பதித்த சக்கரம், அதன் பக்கத்தில் ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள். காயில் அணையும்போது எழும் துடிப்பு இன்னொரு பேட்டரிக்குப் போகிறது. "உள்ளே 3 வாட், வெளியே 9 வாட்" என்று ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரையும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) படத்தோடு காட்டுகிறார்கள். காட்டுபவரை உடனே மோசடிக்காரர் என்று சொல்லிவிட வேண்டாம். பலர் நேர்மையாகத்தான் அளக்கிறார்கள், தவறாக அளக்கிறார்கள். அந்தக் கூடுதல் 6 வாட் எங்கே பிறந்தது என்று தேடிப் போனால், மோட்டாரில் கிடைக்காது, கணக்கில் கிடைக்கும்.

அந்த 3 வாட்டையே எடுத்துக்கொள்வோம். எளிமைக்காக எல்லாம் சதுர அலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கால் பங்கு நேரம் மட்டும் காயிலுக்கு 12 வோல்ட் கிடைக்கிறது, அப்போது 4 ஆம்பியர் ஓடுகிறது. மீதி நேரம் இரண்டும் பூஜ்யம். டிசியில் வைத்த மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும்: 3 வோல்ட், 1 ஆம்பியர். பெருக்கினால் 3 வாட். ஆனால் உண்மையில் கால் பங்கு நேரம் 48 வாட் போகிறது, ஆக சராசரி 12 வாட். வெளியே 9 வாட் வந்திருந்தால் அது முக்கால் திறனுள்ள சாதாரண மோட்டார், அவ்வளவுதான். சராசரிகளின் பெருக்கல் வேறு, பெருக்கலின் சராசரி வேறு. பாதிப் பிழைகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன.

சரி, அலை எந்த வடிவில் இருந்தாலும் அதன் பயனுறு அளவைக் (ஆர்எம்எஸ்) காட்டும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் வாங்கினால் போதுமா? அது எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். ஒரு காயிலில் 10 வோல்ட் ஆர்எம்எஸ், 2 ஆம்பியர் ஆர்எம்எஸ் என்றால் 20 வாட் என்று எழுதத் தோன்றும். மின்னோட்ட அலை வோல்டேஜ் அலையைவிட 87 டிகிரி (ஒரு முழுச் சுற்று 360 டிகிரி) பின்தங்கியிருந்தால் அங்கே செலவாவது ஏறக்குறைய 1 வாட்தான். மீதியெல்லாம் சுற்றுக்குள் போவதும் திரும்பி வருவதுமாக இருக்கும் ஆற்றல். அதனால் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு ஸ்கோப்பில் இரண்டு அலைகளையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்து, கணம் கணமாகப் பெருக்கி, முழுச் சுற்றுகளுக்கு மட்டும் சராசரி எடுக்க வேண்டும். மூன்றரைச் சுற்றுக்கு எடுத்தால் அந்த அரைச் சுற்று விடையைக் கெடுக்கும்.

இதைச் சரியாகச் செய்பவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பிழையும் அதுதான். மின்னோட்டத்தை அளந்து ஸ்கோப்புக்கு அனுப்பும் கரன்ட் புரோப் வழியாக வரும் சிக்னல், வோல்டேஜ் புரோப்பில் வருவதைவிடச் சற்றுத் தாமதமாக வரலாம். 100 நானோநொடி தாமதம் என்று வையுங்கள். 100 கிலோஹெர்ட்ஸ் அலையில் அது 3.6 டிகிரி. மேலே சொன்ன 87 டிகிரி 90.6 ஆகிவிடுகிறது. 1 வாட் தின்னும் காயில் இப்போது 0.2 வாட் திருப்பித் தருவதாகத் திரையில் தெரியும். குறியே மாறிவிட்டது பாருங்கள்! இதைப் பிடிக்க, காயிலைக் கழற்றிவிட்டு இண்டக்டன்ஸ் (காயில் தன்மை) இல்லாத ரெசிஸ்டர் ஒன்றை வைத்து அதே அலையைக் கொடுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்க வேண்டும். இல்லையென்றால் ஸ்கோப்பில் நேரத் திருத்தம் செய்த பிறகுதான் அடுத்த வேலை.

கரன்ட் புரோப் இல்லாதவர்கள் 0.1 ஓம் ஷன்ட் வைப்பார்கள், அதாவது மின்னோட்டப் பாதையில் ஒரு சிறு ரெசிஸ்டர்; அதன் முனைகளில் தெரியும் வோல்டேஜிலிருந்து மின்னோட்டத்தைக் கணக்கிடுவார்கள். நல்ல வழிதான், ஆனால் அது கம்பி சுற்றிய ரெசிஸ்டராக இருந்தால் அதுவே ஒரு குட்டிக் காயில். 1 மைக்ரோஹென்றி இருந்தாலே 100 கிலோஹெர்ட்ஸில் 0.63 ஓம், அதாவது ரெசிஸ்டன்ஸைப் போல ஆறு மடங்கு. நீங்கள் பார்ப்பது மின்னோட்டமே அல்ல. அப்புறம், மின்சாரத்தில் செருகிய ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்புகள் பெரும்பாலும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. ஷன்ட்டின் இரு முனையிலும் ஒவ்வொன்றை மாட்டினால் ஷன்ட் ஷார்ட் ஆகிவிடும், மின்னோட்டமே இல்லாததுபோல் தெரியும். புரோப் வோல்டேஜை அப்படியே அனுப்பும் ஒன்றுக்கு ஒன்று நிலையில் இருந்து, அது பத்தில் ஒரு பங்காகக் குறைத்து அனுப்புவதாக ஸ்கோப் மெனு மட்டும் நம்பிக்கொண்டிருந்தால் வோல்டேஜ் பத்து மடங்கு. ரெசிஸ்டரில் அதை வர்க்கப்படுத்திக் கணக்கிட்டால் வாட் நூறு மடங்கு. இந்தக் கடைசிப் பிழையை நானே செய்து, ஒரு மாலை முழுவதும் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

300 வோல்ட் துடிப்பைப் பார்த்து மயங்குவதும் வழக்கம். உயரம் ஆற்றல் ஆகாது. 20 மில்லிஹென்றி காயிலில் 2 ஆம்பியர் ஓடினால் சேர்ந்திருப்பது 40 மில்லிஜூல். நொடிக்கு 50 துடிப்பு வந்தாலும் மொத்தம் 2 வாட்டைத் தாண்டாது. அந்த 40 மில்லிஜூலும் ஒரு கணம் முன்பு பேட்டரி கொடுத்ததுதான்.

பேட்டரி வோல்டேஜ் ஏறிவிட்டது என்பதை ஆதாரமாக நான் ஏற்பதில்லை. லெட் ஆசிட் பேட்டரி சும்மா ஓய்ந்திருந்தாலே வோல்டேஜ் கொஞ்சம் மீளும். துடிப்புகள் பட்டால் முனைகளில் மேலோட்டமாகவும் ஏறும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. 1 வாட் எடுக்கும் மோட்டார் மூன்றரை நாள் ஓடினாலும் அதிசயமில்லை. அமெரிக்காவில் இதேபோல் அதிக ஆற்றல் தருவதாகச் சொல்லப்பட்ட ஜோசப் நியூமன் என்பவரின் இயந்திரத்தை 1986-இல் அங்குள்ள தேசியத் தரநிர்ணய நிறுவனம் அளந்தபோது, சோதித்த எல்லா நிலைகளிலும் உள்ளே போனதைவிடக் குறைவாகவே வெளியே வந்தது.

சோதித்துப் பார்க்க விரும்பினால், பேட்டரியை எடுத்துவிட்டு 1 ஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். 12 வோல்ட்டுக்கு ஏற்றினால் 72 ஜூல், 6 வோல்ட்டுக்கு இறங்கும்போது செலவானது 54 ஜூல். 5 வாட் மோட்டாருக்கு அது 11 நொடி. முதலில் வெளியீட்டை எங்கும் இணைக்காமல் எத்தனை நொடி தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியீட்டை அதே கெப்பாசிட்டருக்குத் திருப்பி, அதே வேகத்திலிருந்து மறுபடி பாருங்கள். 11 நொடி 14 ஆகலாம், 15 ஆகலாம். வோல்டேஜ் இறங்காமலே நின்றால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், என் ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.