நிலா கோட்டை கட்டியிருக்கிறதா?

"அகல் வட்டம் பகல் மழை" என்பார்கள். நிலாவைச் சுற்றித் தெரிவது அகல் வட்டம்தானா என்று கையாலேயே அளந்துவிடலாம். கையை நேராக நீட்டி, விரல்களை நன்றாக விரித்து, கட்டைவிரல் நுனியால் நிலாவை மறையுங்கள். சுண்டுவிரல் நுனி வட்டத்தைத் தொட்டால், சரி, அதேதான். சுமார் 22 டிகிரி. மிக உயரத்தில் பரவும் மெல்லிய மேகத்தின் பனித்துகள்கள் நிலவொளியை வளைப்பதால் வருவது. மழைமேகங்களுக்கு முன்னால் பெரும்பாலும் இந்த மேகம் வந்துவிடும். நிலாவை ஒட்டிய சின்ன வண்ண வளையம் வேறு, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கோடை இடிமழைக்கு இது அவ்வளவாக உதவாது. ஐப்பசி, கார்த்திகையில் கண்ணில் பட்டால், களத்தில் காயும் நெல்லுக்கு அன்றிரவே தார்ப்பாயை எடுத்து வையுங்கள்.