நிழலில்லா நாளில் ஒன்பது புள்ளிக் கோலம்: தெருவில் வானியல் விழா நடத்தும் முறை

ஆண்டுக்கு இரண்டு நாள்கள் சூரியன் நண்பகலில் உச்சந்தலைக்கு நேர்மேலே வரும்போது, நட்டுவைத்த கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. தொலைநோக்கி இல்லாமல் ஒரு தெரு முழுவதும் கூடிக் கொண்டாட இதைவிட நல்ல வானியல் நிகழ்வு இல்லை என்பது என் எண்ணம். அந்த விழாவுக்கான கோலத்தின் புள்ளிகளைச் சூரியனையே வைக்கச் செய்யலாம்.

முதலில் நாளையும் நேரத்தையும் உறுதி செய்யுங்கள். சென்னைக்கு ஏறத்தாழ ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 அல்லது 11. ஆகஸ்டில் மேகம் ஏமாற்றக்கூடும் என்பதால் ஏப்ரலே நல்லது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவதாலும், சென்னை அதற்கு மேற்கே இருப்பதாலும், ஏப்ரல் 24 அன்று அங்கே உண்மையான நண்பகல் சுமார் 12.07 மணிக்கே வருகிறது.

அடுத்து, நிழல் விழாத சமதளத் தரையில் ஒரு மீட்டர் உயரமுள்ள மெல்லிய கோலை நிறுத்துங்கள். இந்த வேலையில் அவசரம் கூடாது: கோல் ஒரு பாகை சாய்ந்தாலும், நிழலே இருக்கக் கூடாத நேரத்தில் 1.7 செ.மீ. நிழல் விழுந்து, கூடியிருக்கும் பிள்ளைகளைக் குழப்பிவிடும். தரையை ரசமட்டத்தாலும் கோலைத் தூக்குக்குண்டாலும் இரண்டு பக்கங்களிலிருந்து சரிபாருங்கள். சிமென்ட் தரையானால் பத்து செ.மீ. அகலத்துக்கு மிகாத கனமான பீடம் போதும்.

11.07 மணிக்கு நிழலின் நுனியில் முதல் புள்ளியைக் கோலமாவால் வையுங்கள்; அது கோலுக்கு மேற்கே ஏறக்குறைய 26 செ.மீ. தள்ளி விழும். பிறகு 1.07 வரை கால் மணிக்கொரு புள்ளியை, ஒவ்வொரு முறையும் வேறொரு பிள்ளை வைக்கட்டும். அன்று நிழலின் நுனி ஏறத்தாழ நேர்கோட்டில் மேற்கிலிருந்து கிழக்கே நகர்வதால், ஏறக்குறைய ஆறரை செ.மீ. இடைவெளியில் ஒன்பது புள்ளிகள் ஒரே வரிசையாக அமைந்துவிடுகின்றன. ஐந்தாவது புள்ளிக்குரிய 12.07 மணிக்கு நிழல் இருக்காது. அந்த இடம் கோலின் அடியே. அந்த நொடியில் கூட்டத்தில் எழும் ஆரவாரத்துக்காகவே இந்த விழாவை நடத்தலாம். மேகம் மறைத்த புள்ளியை மட்டும் ஊகத்தால் வைக்காமல் வெற்றிடமாக விட்டுவிடுங்கள்.

புள்ளிகளுக்கு இடைப்பட்ட கால் மணி நேரங்கள் விளக்கம் சொல்வதற்கானவை. பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதை ஒரு சாத்துக்குடியில் குச்சி செருகிக் காட்டலாம். கடகரேகைக்கு வடக்கேயுள்ள டெல்லிக்கு நிழலில்லா நாளே கிடையாது. அன்று அங்கே நண்பகலில் ஒரு மீட்டர் கோலுக்குச் சுமார் 28 செ.மீ. நிழல் இருக்கும் என்பதைத் தொலைபேசியில் ஓர் உறவினரை அளக்கச் சொல்லியே காட்டலாம். நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் இரு கோல் நட்டுத் திசையறிந்து, கயிறிட்டு அரண்மனைக்கு மனை வகுத்ததை நெடுநல்வாடை பாடுவதையும் மறவாமல் சொல்லுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டிப்பாக அறிவியுங்கள். ஒரு சிறிய பந்தலும் மோரும் அவசியம்.

ஒன்பதாம் புள்ளி விழுந்ததும் கோலை எடுத்துவிட்டு, அது நின்ற இடத்தில் நடுப்புள்ளியை இடுங்கள். அந்த வரிசையை நடுவாகக் கொண்டு இருபுறமும் 8, 7, 6, 5 என்று இடைப்புள்ளிகள் வைத்து, தெருவில் கை தேர்ந்த பெரியவர் ஒருவரிடம் முதல் இழையைத் தொடங்கச் சொல்லுங்கள்.