எண்ணிப் பதியிற வேலை குழப்பின கதை, பிறகு சரிவந்த விதம்

என்ர ரெண்டாம் ஆண்டுப் பிள்ளையளை நாலு நாலு பேராப் பிரிச்சு மதிலடியில விட்டு, ரோட்டால போற சைக்கிள் எத்தினை, ஓட்டோ எத்தினை எண்டு எண்ணச் சொன்னனான். ஒரு குழு சைக்கிள் 14 எண்டுது, பக்கத்துக் குழு 21 எண்டுது. யோசிச்சுப் பாத்தா எல்லாரும் எல்லாத்தையும் எண்ணியிருக்கினம், கெட்டிக்காரப் பிள்ளை சத்தமாச் சொல்ல மற்றதுகள் அதையே எழுதியிருக்குதுகள்.

அடுத்த நாள் ஒரு குழுவுக்கு ஒரு வாகனம் மட்டும் குடுத்தன். ஒராள் பாத்துச் சொல்ல, ஒராள் புளியங்கொட்டையை ரின்னுக்குள்ள போட, ஒராள் கோடு போட (நாலு கோடு, அஞ்சாவது குறுக்கால), நாலாமாள் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கிறது, பிறகு ஆளாள் மாறிறது. முதல்நாள் வாயே திறக்காத பிள்ளையொண்டு ஒவ்வொரு கோட்டுக்கு மேலயும் ஒவ்வொரு கொட்டையா வைச்சுக்கொண்டு போய், கடைசியில கையில ஒண்டு மிஞ்ச, "ரீச்சர், ஒரு கோடு விட்டுட்டம்" எண்டுது. எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

எண்ணின கொட்டையைத் தள்ளி வைக்கப் பழக்கினது பெரிய உதவி, எண்ணினதைத் திருப்பி எண்ணிறதுதான் இந்த வயசில கனக்கப் பிழைக்குக் காரணம். அஞ்சஞ்சாக் கட்டினதால 5, 10, 15 எண்டு எண்ணவும் தானா வந்திட்டுது. இப்ப கொட்டையளை நிரையா அடுக்கி எந்த நிரை நீளம் எண்டு பாக்கினம்.