திரையில் கோடா? முதலில் மெனுவைத் திறந்து பாருங்கள்

எல்.சி.டி. தொலைக்காட்சியில் கோடுகளோ, நிற மாற்றமோ, புள்ளிகளோ தெரிந்தால், பழுதுபார்ப்பவரை அழைக்கும் முன் ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்துங்கள். செட்டாப் பாக்ஸின் மெனு அல்ல, தொலைக்காட்சியின் சொந்த மெனு. பலர் தடுமாறுவது இங்கேதான்.

அந்த மெனு தொலைக்காட்சிக்குள்ளேயே உருவாகிறது, செட்டாப் பாக்ஸிலிருந்து படத்தைக் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக வருவதில்லை. ஆகவே பின்னால் படம் சிதைந்திருக்க, மெனு மட்டும் தெளிவாகத் தெரிந்தால், கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ, செட்டாப் பாக்ஸிலோ, அந்த இணைப்புத் துளையிலோ இருக்கும். கேபிளை மாற்றி, வேறு துளையில் செருகிப் பாருங்கள். கோடு மெனுவையும் வெட்டிக்கொண்டு போனால் பழுது உள்ளே: பேனல் (படம் தெரியும் திரைப் பகுதி), அதை இயக்கும் டி-கான் பலகை, இடையிலுள்ள பட்டைக் கேபிள் அல்லது முதன்மைப் பலகை. இவற்றில் எது என்பதை மெனு சொல்லாது. பேனல் என்றால் செலவு பெரிது. புதுத் தொலைக்காட்சியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

மெனு திரை முழுவதும் விரியாவிட்டால், கோடு இருக்கும் இடத்தை அது தொடுகிறதா என்று கவனியுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஒரு முறை பார்த்தால் போதாது. ஒலி மட்டும் வந்து திரை இருண்டிருந்தால் இந்தச் சோதனை உதவாது. அப்போது அறையை இருட்டாக்கி, திரையருகே டார்ச் அடியுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால், திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் பின்னொளிதான் போயிருக்கிறது.